கமிஷன் தேதி தவறாக அச்சானால்?

ராணுவ அதிகாரிகளின் நியமனத் தேதி (கமிஷன் தேதி), பணிமூப்புத் தேதி பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். பதில்கள் இந்திய ராணுவத்துக்கானவை. கடற்படை, விமானப்படை வேறுபடும் இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: என் மகன் டேராடூன் அகாதெமியில் பயிற்சி முடித்து 2012 ஜூன் 9 அன்று கமிஷன் பெற்றான். அரசிதழ் நகலை இப்போதுதான் பார்த்தோம். அதில் 2012 ஜூலை 9 என்று இருக்கிறது. ஒரு மாதம்தானே, விட்டுவிடலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், வேலூர்

பதில்: விடக்கூடாது. கமிஷன் தேதி ஒரே இடத்தில் நிற்பதில்லை, பின்னால் பணிக்காலக் கணக்கில் வரும் ஒவ்வொரு பதவி உயர்விலும் அதே நாளும் மாதமும் திரும்ப வரும். 2004 டிசம்பர் 16 முதல் உள்ள ஏற்பாட்டின்படி 2 வருடத்தில் கேப்டன், 6 வருடத்தில் மேஜர், 13 வருடத்தில் லெப்டினென்ட் கர்னல். அந்தக் கணக்கில் உங்கள் மகன் 2014, 2018, 2025 ஆகிய வருடங்களில் ஜூன் 9 அன்று உயர்ந்திருக்க வேண்டும். தவறான தேதி பதிவேட்டில் ஏறியிருந்தால் மூன்றும் ஜூலை 9 ஆகியிருக்கும்.

பண நஷ்டம் இரண்டு வகை. மேஜருக்கான ஊதிய நிலை 69,400 ரூபாயில் தொடங்குகிறது, லெப்டினென்ட் கர்னலுக்கு 1,21,200-ல். இந்தத் தாவலில் ஒரு மாதம் தள்ளிப்போனாலே கணிசமான தொகை போகும். இரண்டாவது வகை அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் வருடாந்திர இன்கிரிமென்ட் ஜனவரி 1, ஜூலை 1 என்ற இரண்டு தேதிகளில்தான். ஜனவரி 2 முதல் ஜூலை 1 வரை பதவி உயர்ந்தவருக்கு அடுத்த ஜனவரி 1-லும், ஜூலை 2 முதல் ஜனவரி 1 வரை உயர்ந்தவருக்கு அடுத்த ஜூலை 1-லும் இன்கிரிமென்ட். 2018 ஜூன் 9 என்றால் 2019 ஜனவரியில் கிடைக்கும். ஜூலை 9 என்றால் 2019 ஜூலையில்தான். அச்சில் ஒரு மாதம் நழுவியது, சம்பளத்தில் ஆறு மாதமாகிவிடுகிறது.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, தவறு அரசிதழோடு நின்றுவிட்டதா என்பது. கமிஷன் பத்திரம், அகாதெமி வெளியிட்ட கமிஷன் பட்டியல், முதல் யூனிட்டில் போட்ட பார்ட் டூ ஆர்டர் (அதிகாரியின் பணி விவரங்களைப் பதியும் யூனிட் உத்தரவு), புனேயில் உள்ள அதிகாரிகளுக்கான பாதுகாப்புக் கணக்கு அலுவலகத்தின் சம்பளப் பதிவு, கேப்டன் பதவி உயர்வு உத்தரவு ஆகியவற்றை அரசிதழ்ப் பக்கத்தோடு வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் உள்ள தேதியை ஒரே தாளில் எழுதுங்கள். கேப்டன் தேதி ஜூன் 9 என்றே இருந்தால் தவறு அச்சில் மட்டும், வேலை சுலபம். கேப்டன் தேதியே ஜூலை 9 என்றால் தவறு உள்ளே போய்விட்டது, திருத்தம் கேட்கும் கடிதத்தின் அமைப்பே மாற வேண்டும்.

கேள்வி: நானே அவனுக்காக டெல்லிக்கு எழுதலாமா? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கோப்பு கிடைக்குமா? (அதே வாசகர்)

பதில்: வேண்டாம். பணியில் உள்ள அதிகாரியின் விவகாரத்தைத் தந்தை எழுதினால் பதில் வராது, சில சமயம் மகனுக்குச் சங்கடம்தான் வரும். தகவல் உரிமை மனுவும் அவர் பெயரில் அவரே போட வேண்டும். மற்றவர் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்கலாம். மனுவுக்கு 10 ரூபாய் கட்டணம், பதில் தர 30 நாள். 'என் கமிஷன் தேதி என்ன?' என்று கேட்காதீர்கள். 'இன்ன எண்ணுள்ள அறிவிக்கைக்காக அச்சகத்துக்கு அனுப்பிய மூலப் பிரதியின் நகல்' என்று ஆவணத்தைக் கேளுங்கள். மூலத்தில் ஜூன், அச்சில் ஜூலை என்று தெரிந்துவிட்டால் விவாதத்துக்கே இடமில்லை.

கேள்வி: திருத்தத்துக்கான விண்ணப்பம் எப்படி இருக்க வேண்டும்? யார் வழியாகப் போக வேண்டும்?
— இளம் அதிகாரி ஒருவரின் மனைவி, மதுரை

பதில்: கமாண்டிங் ஆபீசருக்கு எழுத வேண்டும். அங்கிருந்து மேல் தலைமையகங்கள் வழியாக ராணுவத் தலைமையகத்தில் அதிகாரிகளின் ஆவணங்களைக் கையாளும் பிரிவுக்கும், கடைசியாகப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் போகும். கமிஷன் வழங்குவது ராணுவச் சட்டம் 1950-ன் 10-வது பிரிவின்படி குடியரசுத் தலைவர். அதனால் அறிவிக்கையைத் திருத்துவதும் அமைச்சகம் வழியாகத்தான். யூனிட் மட்டத்தில் புதிய பார்ட் டூ ஆர்டர் போட்டு மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது அரசிதழோடு முரண்பட்டு, சில வருடம் கழித்துத் தணிக்கையில் மாட்டும்.

கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். அரசிதழின் பகுதி, பிரிவு, வெளியீட்டுத் தேதி, பக்க எண், அறிவிக்கை எண், பட்டியலில் வரிசை எண், தன் பணி எண் அத்தனையும் வேண்டும். கேட்கும் திருத்தத்தை அரசிதழ் நடையிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்: 'வரிசை எண் இன்னது, பெயருக்கு எதிரே, "9 ஜூலை 2012" என்பதற்குப் பதிலாக "9 ஜூன் 2012" என்று படிக்கவும்.' பிழைதிருத்தம் வெளியாவது இந்த வடிவில்தான். 'தக்கவாறு சரிசெய்து தரும்படி' என்று பொதுவாக எழுதினால், எதை எப்படிச் சரிசெய்வது என்று விளக்கம் கேட்டுக் கோப்பு திரும்பி வரும்.

அதிகம் தொந்தரவு தருவது பணி எண்தான். குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டுமான ஷார்ட் சர்வீஸ் கமிஷனில் எஸ்.எஸ். என்று தொடங்கிய எண், நிரந்தர கமிஷன் கிடைத்ததும் ஐ.சி. என்று மாறும். பழைய அறிவிக்கை பழைய எண்ணில் இருக்கும், இன்றைய பதிவேடு புதிய எண்ணில் இருக்கும். விண்ணப்பத்தில் இரண்டையும் எழுதாவிட்டால் பிழைதிருத்தம் வெளியான பிறகும் அது யாருடையது என்று தெரியாமல் கிடக்கும்.

பிழைதிருத்தம் வந்தவுடன் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். இதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தப்பு. அதை மேற்கோள் காட்டித் திருத்தப் பார்ட் டூ ஆர்டர் போட்டு, அது புனேவுக்குப் போய், அங்கே ஒவ்வொரு பதவி உயர்வின் ஊதிய நிர்ணயமும் மறுபடி கணக்கிடப்பட வேண்டும். முன்பு ஊதிய நிர்ணயத்துக்குக் கொடுத்த ஆப்ஷன் (எந்தத் தேதியிலிருந்து புதிய ஊதியம் என்ற விருப்பத் தேர்வு) பழைய தேதியை நம்பிக் கொடுத்தது. புதிய தேதிக்கு அது பாதகமாக இருக்கலாம், மீண்டும் ஆப்ஷன் தர அனுமதி கேட்டு எழுதுங்கள்.

கேள்வி: அரசிதழை எங்கே தேடுவது?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: இந்திய அரசிதழ், பகுதி 1, பிரிவு 4. பாதுகாப்பு அமைச்சகத்தின் நியமன, பதவி உயர்வு அறிவிக்கைகள் அதில்தான். பிரிவு 3-ல் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அது அதே அமைச்சகத்தின் தீர்மானங்களுக்கு. சனிக்கிழமை வரும் வார இதழைப் பாருங்கள். இ-கெஜட் தளத்தில் இலவசமாக இறக்கலாம். அறிவிக்கை கமிஷன் பெற்ற மாதத்திலேயே வராது, அதனால் அந்த மாதத்தில் தொடங்கி முன்னோக்கி வாருங்கள். இதழின் தேதி வேறு, நியமனம் அமலுக்கு வரும் தேதி வேறு. முதலாவதை இரண்டாவதாக எடுத்துப் பதிவேட்டில் ஏற்றியதால் வந்த பிழைகளும் உண்டு.

கேள்வி: என்னோடு அகாதெமியில் சேர்ந்தவர்கள் எனக்கு ஆறு மாதம் சீனியராக இருக்கிறார்கள். உடல்நிலை காரணமாக நான் ஒரு டெர்ம் பின்தங்கினேன். என் தேதியை அவர்களுடையதாகத் திருத்த முடியுமா?
— பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: இது திருத்தம் அல்ல, கோரிக்கை. வித்தியாசம் பெரியது. ஆவணத்தில் ஒன்று, அச்சில் இன்னொன்று என்றால் திருத்தம். ஆவணங்கள் எல்லாம் ஒரே தேதியைச் சொல்லி, அந்தத் தேதி நியாயமில்லை என்று நீங்கள் நினைத்தால் அது முன்தேதியிட்ட பணிமூப்புக் கோரிக்கை. அதற்கு விதி ஒன்றைக் காட்ட வேண்டும். ரெலிகேட் ஆனவர், அதாவது டெர்ம் பின்தங்கியவர், எந்தக் கோர்ஸோடு வெளியேறினாரோ அதன் தேதிதான் பொதுவாக நிற்கும்.

இதைப் பிழைதிருத்தம் என்ற பெயரில் அனுப்பினால் இரண்டு வரியில் நிராகரிப்பார்கள், பின்னால் நியாயமான மனு போட்டாலும் அந்த இரண்டு வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். எந்த விதியின் கீழ் என்று தெளிவான பிறகே எழுதுங்கள். உங்கள் தேதி மேலே போனால் இன்னும் பலர் ஒரு படி கீழே போவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். வழக்கு என்று வந்தால் பாதிக்கப்படுகிறவர்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டியிருக்கும். சேர்க்காத மனு அந்தக் காரணத்துக்காகவே தோற்கலாம்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும்: பின்தங்கியவரின் பெயர் பழைய கோர்ஸ் பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்டு, முன்தேதி அச்சாகிவிடும். சாதகமாக இருக்கிறதே என்று மௌனமாக இருப்பது ஆபத்து. செலக்‌ஷன் போர்டு நேரத்தில் பேட்ச் எது என்று பார்க்கும்போது வெளிவரும், கூடுதலாக வாங்கிய சம்பளமும் திரும்பப் பிடிக்கப்படலாம்.

கேள்வி: விண்ணப்பம் கொடுத்து ஒரு வருடமாகிறது, பதிலே இல்லை. நேராகத் தீர்ப்பாயம் போகலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் புகார் வழிகளை முடித்திருக்க வேண்டும். அதிகாரிகளுக்கு ராணுவச் சட்டத்தின் 27-வது பிரிவில் மத்திய அரசுக்குச் சட்டப்படியான புகார் கொடுக்கும் உரிமை உண்டு. விமானப்படைச் சட்டத்திலும் அதே 27-வது பிரிவு, கடற்படைச் சட்டம் 1957-ல் 23-வது பிரிவு. நீங்கள் கொடுத்தது சாதாரண விண்ணப்பம் மட்டும் என்றால் அந்த ஒரு வருடம் உதவாது.

ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் 2007-ன் 21-வது பிரிவு, புகாரின் மேல் இறுதி உத்தரவு வந்திருக்க வேண்டும், அல்லது கொடுத்து 6 மாதம் ஆகியிருக்க வேண்டும் என்கிறது. 22-வது பிரிவின்படி உத்தரவு வந்த தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். உத்தரவே வராவிட்டால், காத்திருந்த அந்த 6 மாதம் முடிந்ததிலிருந்து இன்னொரு 6 மாதம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிப்பார்கள், ஆனால் அதை நம்பிப் படுத்திருக்கக் கூடாது. நியமனம், கமிஷன், பணிமூப்பு எல்லாம் அச்சட்டம் சொல்லும் 'பணி விவகாரங்கள்' என்ற வரையறைக்குள் வருகின்றன. தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலும் இருக்கிறது. அங்கே தோற்றாலும் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் அடைபடவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் சொல்லிவிட்டது.

கேள்வி: என் கணவர் கர்னலாக ஓய்வுபெற்றவர். மேஜர் பதவித் தேதி தவறாகப் பதிந்தது இப்போதுதான் தெரிந்தது. ஓய்வூதியம் கூடுமா?
— வாசகி, திருச்சி

பதில்: கூடலாம், ஆனால் எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. 2008-ல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. ஊதிய நிர்ணயம், ஓய்வூதியம் போன்றவை மாதாமாதம் தொடரும் பிழை, மற்றவர் உரிமையைத் தொடாது, தாமதமாக வந்தாலும் கேட்கலாம், நிலுவை மட்டும் பொதுவாக மனுவுக்கு முந்தைய 3 வருடத்துக்குத்தான். பணிமூப்பு, பதவி உயர்வு என்றால் மற்றவர்களைப் பாதிக்கும், காலம் கடந்தால் கோரிக்கை செத்துவிடும்.

ஆகவே 'அன்றைக்கு என்னைப் பிரிகேடியராக்கியிருக்க வேண்டும்' என்று கிளப்ப வேண்டாம். கடைசிச் சம்பளம் சரியான தேதிப்படி எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, ஊதிய மறுநிர்ணயமும் திருத்திய ஓய்வூதிய உத்தரவும் மட்டும் கேளுங்கள். புனே திருத்திய கடைசிச் சம்பளத்தை அனுப்பிய பிறகே பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புத் துறை ஓய்வூதிய அலுவலகம் திருத்த பி.பி.ஓ. (ஓய்வூதிய உத்தரவு) போடும். பிரயாக்ராஜுக்கு முதலில் எழுதினால், புனேயைக் கேளுங்கள் என்றுதான் பதில் வரும்.

கேள்வி: ஒரே ராணுவத் தலைமையகத்தில் இரண்டு அலுவலகம் இரண்டு தேதி வைத்திருக்க முடியுமா?
— கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: முடிந்தது. முன்னாள் தலைமைத் தளபதி வி.கே.சிங் விவகாரத்தில் அட்ஜுடன்ட் ஜெனரல் பிரிவில் பிறந்த வருடம் 1951, மிலிட்டரி செக்ரட்டரி பிரிவில் 1950. அது பிறந்த தேதி, நியமனத் தேதி அல்ல, ஆனால் நோய் ஒன்றுதான். உச்ச நீதிமன்றம் வரை போய், 2012 பிப்ரவரி 10 அன்று அவர் மனுவைத் திரும்பப் பெற்றார்.

கேள்வி: தாத்தா இரண்டாம் உலகப் போர்க் காலத்து அதிகாரி. லண்டன் கெஜட்டில் அவருக்கு இரண்டு கமிஷன் தேதி இருக்கிறது. எது சரி?
— குடும்ப வரலாறு எழுதும் வாசகர், நாகர்கோவில்

பதில்: பெரும்பாலும் இரண்டுமே. ஒன்று கமிஷன் வழங்கிய தேதி, மற்றது முன்தேதியிட்டது. குன்னூரில் வாழ்ந்த மானெக்‌ஷாவே உதாரணம். டேராடூன் அகாதெமியின் முதல் அணி 1934 டிசம்பரில் வெளியேறியது, அவருடைய கமிஷனோ 1934 பிப்ரவரி 4 என்று முன்தேதியிடப்பட்டது. பின்னால் 1942-ல் கேப்டன், 1947-ல் மேஜர், இரண்டும் பிப்ரவரி 4. உங்கள் தாத்தாவுக்கும் இப்படியே பாருங்கள், பிந்தைய நிரந்தரப் பதவி உயர்வுகளில் எந்த நாளும் மாதமும் திரும்ப வருகிறதோ அதுதான் பணிமூப்புத் தேதி. போர்க் காலத் தற்காலிகப் பதவிகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வரியைக் கடைசிவரை படியுங்கள். 'முன்தேதியிடப்படுகிறது, ஆனால் இன்ன தேதிக்கு முந்தைய சம்பளமும் படிகளும் கிடையாது' என்று ஒரு வால் அந்தக் கால அறிவிப்புகளில் அடிக்கடி இருக்கும். அதை விட்டுவிட்டு எழுதினால், தாத்தா வாங்காத சம்பளத்தை நீங்கள் வாங்கிக் கொடுத்ததாகிவிடும்.