ஃபேன் வேகம், கீசர் ட்ரிப், மங்கும் லைட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சார், ஹால் ஃபேனை அஞ்சில் வைத்தாலும் இரண்டில் வைத்த மாதிரிதான் சுற்றுகிறது. காயில் போய்விட்டது, ரீவைண்டிங் செய்யணும் என்கிறார் கடைக்காரர். புதுசே வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் சுற்றி நின்றால் பேரிங்கில் பிரச்சினை இல்லை, கோளாறு பெரும்பாலும் கண்டென்சரில்தான். வீட்டு ஃபேன்களில் அதிகம் இருப்பது 2.5 மைக்ரோஃபாரட், வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து அதன் திறன் குறையக் குறைய ஃபேனும் சோர்ந்துபோகும். காயில் கருகியிருந்தால் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். பழைய கண்டென்சர் மேல் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதையே கேட்டு வாங்குங்கள். பெரிசாகப் போட்டால் வேகமாகச் சுற்றும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், காயில் சூடாகி ஆயுள்தான் குறையும். உங்களுடையது பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் இது எதுவும் பொருந்தாது, அதில் எலக்ட்ரானிக் போர்டுதான் வேலை செய்கிறது.

கேள்வி: அண்ணா, கீசர் போட்ட அஞ்சு நிமிஷத்தில் வீடு முழுக்க கரண்ட் போய்விடுகிறது. வந்த எலக்ட்ரீஷியன், ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிட்டு நேராக லைன் கொடுத்துவிடலாம், அப்புறம் தொல்லையே இருக்காது என்கிறார். செய்யலாமா? எங்களுக்கு போர் தண்ணீர்தான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில்: செய்யவே கூடாதும்மா. படித்ததும் வயிற்றைக் கலக்கியது. உங்கள் போர்டில் இருக்கும் எம்.சி.பி., அதாவது அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக அணையும் சுவிட்ச், வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, உங்களையும் பிள்ளைகளையும் காப்பாற்ற இருப்பது ஆர்.சி.சி.பி. ஒன்றுதான். போகிற கரண்ட்டும் திரும்பி வருகிற கரண்ட்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும், 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு எங்காவது கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். 2000 வாட் கீசர் எடுப்பது கிட்டத்தட்ட 9 ஆம்பியர், அதற்குப் போட்டிருக்கும் எம்.சி.பி. 16 ஆம்பியர். ஒருவர் உடம்பு வழியாக 0.1 ஆம்பியர் போனாலே உயிர் போகலாம், ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு சுமையாகவே தெரியாது, அது பாட்டுக்கு ஆனில் இருக்கும்.

சரி, கசிவு எங்கே? உங்களுக்கு போர் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். உப்பு எலிமெண்ட் மேல் படிந்து படிந்து கட்டியாகிவிடும், உள்ளே சூடு வெளியேற வழியில்லாமல் அதன் உறை வெடிப்பு விடும், அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போனதும் கசிவு ஆரம்பிக்கும். கீசரின் லைனை மட்டும் கழற்றிவைத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள். ட்ரிப் நின்றுவிட்டால் எலிமெண்ட்டை மாற்றுங்கள், அதோடு டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் மக்னீசிய அனோடு ராடையும் பார்த்து, கரைந்து போயிருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். கீசர் இல்லாமலும் ட்ரிப் ஆனால் வயரிங்கில் கசிவு இருக்கிறது, மெகர் என்ற இன்சுலேஷன் சோதிக்கும் கருவியை வைத்து ஒவ்வொரு லைனாகச் சோதிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி.யில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்துங்கள், ட்ரிப் ஆகவில்லை என்றால் அந்த ஆர்.சி.சி.பி.யை மாற்றியாக வேண்டும். கீசர் சரியாகும்வரை பிள்ளைகளுக்கு அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு நாளாகக் கீழ்வீட்டு லைட் பளீரென்று எரிகிறது, மாடியில் மங்குகிறது. மோட்டார் போட்டால் இன்னும் மோசம். நேற்று டிவி பாக்ஸ் அடாப்டர் புகைந்துவிட்டது. ஸ்டெபிலைசர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஸ்டெபிலைசரை விடுங்கள், முதலில் மெயினை அணையுங்கள். மூன்று ஃபேஸ் வீட்டில் ஒரு பக்கம் பளீர், ஒரு பக்கம் மங்கல் என்றால் நியூட்ரல் லூஸாகியிருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். நியூட்ரல் இல்லாதபோது அது லோடுக்குத் தகுந்தபடி பிரிந்துபோகும், லோடு குறைவாக இருக்கும் பக்கம் 300ஐத் தாண்டலாம், அங்கே இருக்கும் ஃப்ரிட்ஜும் டிவியும்தான் அடி வாங்கும். தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, எந்த நேரமும் எடுப்பார்கள், நியூட்ரல் ஃபால்ட் என்று தெளிவாகச் சொல்லிப் புகார் கொடுங்கள். கம்பத்திலும் மீட்டரிலும் சரியாக இருந்தால் உங்கள் மெயின் போர்டின் நியூட்ரல் ஸ்க்ரூக்களை எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? ஏ.சி.யில் சொட்டும் தண்ணீர்?

பதில்: இரண்டும் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆர்.ஓ.வில் உப்பு குறையுமே தவிர முழுசாகப் போகாது. ஏ.சி. தண்ணீர் தூசியையும் காயிலின் உலோகத்தையும் கழுவிக்கொண்டு வருகிறது. மிதவையில் உள்ள அளவுக் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள், ஆசிட் சேர்க்கவே சேர்க்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வரும், அதனால் பேட்டரியைப் பூஜை அறைக்குப் பக்கத்திலோ மூடின அலமாரிக்குள்ளோ வைக்க வேண்டாம்.

கேள்வி: ஹாலில் வைஃபை பறக்கிறது, படுக்கையறையில் வீடியோ கால் நின்று நின்று வருகிறது. பெரிய பிளானுக்கு மாற வேண்டுமா?

பதில்: பிளானை மாற்றிக் காசை வீணாக்க வேண்டாம், ஹாலில்தான் வேகம் வருகிறதே. ரவுட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் இருக்கும். 5 வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது தளர்ந்துவிடும். 2.4 மெதுவானாலும் தூரம் போகும், படுக்கையறையில் போனை அதில் இணைத்துப் பாருங்கள். ரவுட்டர் டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவுக்குப் பக்கத்திலோ இருந்தால் அதை வெளியே எடுத்து, வீட்டின் நடுப்பகுதியில் ஆள் உயரத்தில் மாட்டுங்கள். ஃபைபர் பெட்டியை நகர்த்த முடியாது என்றால் ஒரு லேன் கேபிளைப் படுக்கையறை வரை இழுத்து அங்கே இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்டாக வையுங்கள், சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரைவிட இது உறுதியாக வேலை செய்யும்.