கொப்பியில் இல்லாத வீடு: சுகாதாரத் தொண்டர் திட்டங்களை மதிப்பிடுவது பற்றிக் கேள்வி பதில்

வன்னியில் 31 வருடம் குடும்பநல உத்தியோகத்தராகவும் பிறகு மேற்பார்வையாளராகவும் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். வெள்ளமோ காய்ச்சலோ வந்து ஊர்களில் சுகாதாரத் தொண்டர்களை இறக்கினால், அந்த வேலை உண்மையில் நடந்ததா, சனத்துக்குப் பலன் கிடைத்ததா என்று பார்க்க இப்போதும் கூப்பிடுகிறார்கள். அதைப் பற்றி என்னவும் கேளுங்கள்.

கண்டாவளை, திட்ட அலுவலர்: அக்கா, வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் தொண்டர்கள் வீடு வீடாகப் போய் எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசை கொடுத்தார்கள். வீட்டுத் தரிசிப்பு இலக்கைத் தாண்டிவிட்டோம். வெற்றி என்று அறிக்கை எழுதலாமா?

இப்போதைக்கு எழுத வேண்டாம், தம்பி. ஒரே வீட்டுக்கு மூன்று தரம் போனாலும் அறிக்கையில் மூன்று தரிசிப்புத்தான். மொத்தம் எத்தனை வீடு, அதில் எத்தனை வீட்டை ஒரு தரமாவது தொட்டீர்கள்? வகுக்கிற எண்ணைச் சொல்லாமல் மேலே உள்ள எண்ணை மட்டும் சொன்னால் அதை நான் கணக்கில் எடுப்பதில்லை. இன்றைக்கு இதைப் பல தரம் சொல்லப் போகிறேன்.

அந்த எண் எங்கே கிடைக்கும் என்பதுதான் சிக்கல். ஜி.எஸ். (கிராம சேவகர்) பட்டியலில் ஒரு எண் இருக்கும், வாக்காளர் பட்டியலில் இன்னொன்று. குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டை எல்லோரும் நம்புவார்கள். நானே எழுதிய பதிவேடு அது, அதனால் சொல்கிறேன். அது பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் சின்னப் பிள்ளைகளும் உள்ள குடும்பங்களுக்காக வைத்திருப்பது. தனியாக இருக்கும் கிழவர் அதில் இல்லை. காலபோகத்துக்கு வயல் கொட்டிலிலேயே படுக்கும் ஆள் அதில் இல்லை. எலிக்காய்ச்சல் யாருக்கு வரும்? சேற்றில் நிற்கிற அந்த ஆளுக்குத்தான். பதிவேட்டை வைத்து நூறு வீதம் முடித்தாலும் நோய் வரக்கூடியவரைத் தவறவிட்டிருப்பீர்கள்.

முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு தொண்டரின் கொப்பி பார்த்தேன். ஒரு நாளுக்கு 40 வீடு. எல்லாம் ஒரே நீலப் பேனை, ஒரே சாய்வு, ஒரு வெட்டுக்கூட இல்லை. ஒழுங்கை எல்லாம் முழங்கால் தண்ணீர் நின்ற கிழமை அது. கொப்பியில் ஒரு தாளிலும் ஈரம் பட்ட தடம் இல்லை. அதில் இருந்த முதல் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா சீனிப் பேணியைத் திறந்து குளிசை அட்டையை எடுத்துக் காட்டினார். ஒன்றும் உடைக்கவில்லை. "பிள்ளை தந்திட்டுப் போனது. மகன் வயலில. என்னெண்டு குடிக்கிறதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார்.

அந்தக் குளிசை டொக்சிசைக்கிளின், கிழமைக்கு ஒரு தரம், 200 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டியது. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதில்லை. ஆகவே "கொடுத்தீர்களா" என்று தொண்டரிடம் கேட்டுப் பலன் இல்லை. "போன கிழமை யார் விழுங்கினார், எந்த நாள், எதற்காக" என்று வீட்டில் கேளுங்கள். அறிக்கைக்கு உரிய எண் அங்கேதான் இருக்கிறது.

துணுக்காய், தொண்டர்: மிஸ், நாங்கள் வேலை தொடங்கிய பிறகு காய்ச்சல்காரர் எண்ணிக்கை கூடிவிட்டது. கூட்டத்தில் எங்களைத்தான் ஏசினார்கள்.

மகள், தொடங்கும்போது கூடத்தான் வேண்டும். முன்பு பனடோலைப் போட்டுவிட்டு வீட்டில் படுத்திருந்தவரை நீங்கள் கண்டுபிடித்து அனுப்புகிறீர்கள். எண்ணிக்கையைப் பார்க்காமல், காய்ச்சல் தொடங்கி எத்தனையாம் நாளில் ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்று பார்க்கச் சொல்லுங்கள். முன்பு ஆறாம் நாள் வந்தவர்கள் இப்போது இரண்டாம் நாள் வந்தால் உங்கள் வேலை பலித்திருக்கிறது. சிறுநீரகம் பழுதாகும் முன்பே வந்துவிட்டார் என்பது சின்ன விஷயம் இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு நோய் உச்சத்துக்குப் போன பிறகுதான் பெரும்பாலும் காசு வரும், திட்டம் தொடங்கும். உச்சத்தில் இருந்து எதுவும் தானாகவே இறங்கும். "நாங்கள் வந்தோம், நோய் குறைந்தது" என்று எழுதுபவர்களிடம் நான் கேட்பது, நீங்கள் இன்னும் போகாத பக்கத்து ஊரில் குறையவில்லையா என்பதுதான்.

எண்ணிக்கை குறைந்ததும் ஆட்களைக் கலைத்துவிடுவது இன்னும் பெரிய பிழை. 1963இல் இலங்கையில் மலேரியா 17 பேருக்குத்தான் வந்தது. முடிந்தது என்று கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வருடத்துக்கு ஐந்து இலட்சம் பேர் அளவில் படுத்தார்கள். 2016இல்தான் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. அதே காலத்தில் மன்னாரில் ஸ்டீபன்சி என்ற புது மலேரியா நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். நோயாளி பூச்சியமாக இருக்கும்போதும் தேடிக்கொண்டே இருந்தவர்களால்தான் அது தெரிந்தது. அப்படிப்பட்ட வேலையை எந்தத் தரிசிப்பு எண்ணிக்கையால் அளப்பீர்கள்?

பெயர் வேண்டாம்: இரண்டு நாளாகக் காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு. போன கிழமை வயலில் இறங்கினேன். எத்தனை குளிசை போட வேண்டும்?

இதை வாசித்துக்கொண்டு இருக்காமல் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயலில் இறங்கியதை டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். தடுப்புக் குளிசை வேறு, வைத்தியம் வேறு.

ஒட்டுசுட்டான், பட்டதாரிப் பயிலுநர்: எத்தனை வீட்டுக்குப் போய்ச் சரிபார்க்க வேண்டும்? எங்களிடம் இரண்டு பேரும் ஒரு மோட்டார் சைக்கிளும்தான்.

நல்ல கேள்வி. ஒவ்வொரு தொண்டரின் பகுதிக்கும் 19 வீடு போதும். தொழிற்சாலைகளில் பொருள்களின் தரம் பார்க்க வந்த முறை இது, சுகாதாரத்துக்கும் பொருந்தும். உங்கள் இலக்கு 80 வீதம் என்றால், 19இல் குறைந்தது 13 வீடு சரியாக இருக்க வேண்டும் (கொஞ்ச வீடுதான் பார்க்கிறோம் என்பதால் தளர்வு விட்ட எண் இது). அதற்குக் கீழே போனால் அந்தப் பகுதிக்கு முதலில் உதவி அனுப்புங்கள். ஒரு பகுதியின் 19ஐ வைத்து வீதம் சொல்லக் கூடாது, சரியா பிழையா என்று மட்டும் சொல்லலாம். ஐந்து பகுதிகளைச் சேர்த்து 95 வீடானால் மொத்தத்துக்கு ஒரு வீதம் சொல்லலாம், ஏறத்தாழப் பத்து முன்பின் இருக்கும்.

ஆனால் அந்த 19 வீட்டையும் குலுக்கி எடுக்க வேண்டும். தார் வீதியோரத்து வீடுகளைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடித்து வருவது மதிப்பீடு அல்ல. குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தால் அங்கேதான் போக வேண்டும். பட்டியலில் இல்லாத வீடு வழியில் கண்ணில் பட்டால் அதையும் தனியாகக் குறியுங்கள்.

மடு, மாணவி: ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஊருக்கு மட்டும் உதவி கொடுக்காமல் விடலாமா?

கூடாது. ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் போகவும் முடியாதே. பாதை உடைந்த ஊருக்குப் பத்து நாள் பிந்தித்தான் போவீர்கள். எந்த ஊருக்கு எந்தத் திகதி போனோம் என்று எழுதி வைத்தாலே பாதி ஒப்பீடு கிடைத்துவிடும். பாதை உடைந்த ஊர் ஏற்கனவே அதிகம் பாதிக்கப்பட்ட ஊராக இருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். எல்லா ஊரும் ஒரே அளவில் பாதிக்கப்பட்டிருந்தால் எந்த ஊருக்கு முதலில் போவது என்பதைக் குலுக்கித் தீர்மானியுங்கள், சனமும் அதை நியாயம் என்று ஏற்கும்.

மல்லாவி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தங்கச்சி, தொண்டருக்குக் காசு கொடுக்கத் தொடங்கிய நாளில் இருந்துதான் இந்தப் பொய்க் கொப்பி எல்லாம் வந்தது. தொண்டு என்றால் தொண்டு. இதை மதிப்பீட்டில் எழுதுவீர்களா?

மாஸ்டர், உங்கள் மேல் மரியாதை வைத்தே மறுக்கிறேன். பொய்க் கொப்பி வந்தது காசால் அல்ல, படிவத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்ததால். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டலிலும் இதுதான் இருக்கிறது: வேலைக்கு ஏற்ற ஊதியம் கொடுங்கள், அதை முழுக்கவோ பெரும்பகுதியோ எண்ணிக்கைக்கு ஏற்ற ஊக்கத்தொகையாக வைக்காதீர்கள்.

மல்லாவி ஆசிரியர்: வெள்ளத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் சனம் தங்கியபோது இளைஞர்கள் ஒரு சதம் வாங்காமல் சமைத்தார்கள், மலசலகூடம் கழுவினார்கள். நீங்கள் அதைக் கொச்சைப்படுத்துகிறீர்கள்.

இல்லை மாஸ்டர். அவர்கள் எத்தனை நாள் செய்தார்கள்? மூன்று நாள், ஒரு கிழமை? அதை நான் கும்பிடுகிறேன். மூன்று மாதம் ஒவ்வொரு கிழமையும் அதே வீட்டுக்குப் போய்க் குளிசை விழுங்கினீர்களா என்று கேட்பது வேறு வேலை. நான் பார்த்த தொண்டர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள், பலர் தனியாகக் குடும்பம் நடத்துகிறவர்கள். ஒரு நாள் தோட்டக் கூலியை விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். கடைசி வீட்டுக்கு ஏன் போகவில்லை என்று ஒருத்தியைக் கேட்டேன். சைக்கிள் ரியூப் வெடித்து ஒன்பது நாள், மாற்றக் காசில்லை என்றாள். அதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

இந்தியாவில் 2005இல் தொடங்கிய ஆஷா திட்டத்தின் ஊர்ச் சுகாதாரத் தொண்டர் பெண்களைப் பாருங்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனமே விருது கொடுத்தது. ஆனால் மாதச் சம்பளத்துக்கு அவர்கள் தெருவில் நின்று போராடத்தான் வேண்டியிருந்தது. எபோலாவுக்குப் பிறகு லைபீரியா 2016இல் புதுத் திட்டம் தொடங்கியபோது தூர ஊர்த் தொண்டர்களுக்கு மாதச் சம்பளம் வைத்தது.

நெடுங்கேணி, தொண்டர்: இடையில் புகுவதற்கு மன்னியுங்கள். நான் ஏழு வருடமாகத் தொண்டர். நிரந்தர வேலை தருவோம் என்று சொல்லிச் சொல்லியே வேலை வாங்குகிறார்கள். காசை விட அந்தப் பொய்தான் வலிக்கிறது.

இதற்குப் பதில் சொல்ல நான் யார் அம்மா. ஒன்று செய்வேன்: தொண்டருக்கு என்ன சொல்லி வேலைக்கு எடுத்தோம், அதைக் கொடுத்தோமா என்று ஒரு பகுதி இனி என் ஒவ்வொரு அறிக்கையிலும் இருக்கும்.

மல்லாவி ஆசிரியர்: சைக்கிள் ரியூப் கதையை ஏற்கிறேன். சம்பளத்தை இன்னும் ஏற்கவில்லை.

சரி மாஸ்டர், நேரில் வந்து சண்டை பிடிக்கிறேன்.

புதுக்குடியிருப்பு: எங்கள் பதிவேட்டில் நூறு வீதம் காட்டுகிறது. போதும்தானே?

எதில் நூறு வீதம்? முதல் பதிலை வாசியுங்கள்.

பூநகரி: கொப்பியை விட்டுவிட்டுத் தொலைபேசிச் செயலிக்கு மாறினால் பொய் நிற்குமா?

நிற்காது. அலை கிடைக்கும் இடத்தில் நின்று எல்லா வீட்டையும் நிரப்புவார்கள். வீட்டைப் போய்த் தட்ட வேண்டும்.

மாங்குளம்: ஒரு தொண்டர் ஒரு நாளுக்குக் குறைந்தது எத்தனை தரிசிப்பு செய்ய வேண்டும்?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. எண் தர மாட்டேன். நான் தரும் எண்தான் நாளைக்குக் கொப்பியில் வரும்.

செட்டிகுளம், தாதி: தொண்டர்கள் எல்லோரும் வெள்ள வேலைக்குப் போனதால் எங்கள் கிளினிக்குக்கு உதவிக்கு ஆளில்லை. இதையும் மதிப்பிட வேண்டுமா?

கட்டாயம். இதை ஒருவரும் கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்கு ஆபிரிக்காவில் எபோலா 11,000க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அதே நேரத்தில் பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் மலேரியாக் காய்ச்சலுக்கும் சனம் ஆஸ்பத்திரிக்கு வராமல் போனதால் நேர்ந்த இறப்புகள் எபோலாக் கணக்கில் இல்லை. உங்கள் கிளினிக்கில் அந்த மூன்று மாதமும் நிறை பார்க்க வராத பிள்ளைகள் எத்தனை, பிந்திப் பதிந்த கர்ப்பிணிகள் எத்தனை, தவறிய தடுப்பூசி எத்தனை என்று எடுத்து, முந்திய வருடத்து அதே மாதங்களோடு வைத்துப் பாருங்கள். திட்டத்தின் செலவுப் பக்கத்தில் இது வர வேண்டும்.

2009இல் உங்கள் பக்கத்து இடம்பெயர்ந்தோர் முகாம்களில் வேலை செய்தேன். செங்கமாரி பரவிய நேரம். கூடார இலக்கம் தெளிவாக இருந்தது. ஆனால் சனம் உறவினரைத் தேடிக் கூடாரம் விட்டுக் கூடாரம் மாறிக்கொண்டிருந்தது. நான் இலக்கத்தை எண்ணி, ஒரு வரிசை முடித்துவிட்டேன் என்று எழுதினேன். அந்த வரிசையின் கடைசிக் கூடாரத்தில் கண் மஞ்சளாகி இரண்டு நாளான எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி படுத்திருந்தாள். முதல் நாள் இரவுதான் அங்கே மாறி வந்தவள். அவளைக் கண்டுபிடித்தது நான் இல்லை. தண்ணீர் வரிசையில் நின்ற ஒரு கிழவி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அந்தக் கிழவியின் பெயரும் எந்தக் கொப்பியிலும் இல்லை.

உங்கள் கிளினிக் எண்களை எடுத்ததும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.