டாக்டரைக் கேளுங்கள்: காமாலையோடு குளிர்நடுக்கமும் வந்தால்

என் அம்மாவுக்கு வயது 63. பித்தப்பையில் கல் இருந்ததால் ஆறு வருடத்துக்கு முன்பே பையை எடுத்துவிட்டார்கள். போன மாதம் திடீரென்று குளிர்காய்ச்சல், மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். மூன்றாம் நாள் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தோம். காய்ச்சல் விடாததால் ஆஸ்பத்திரிக்குப் போனோம், பித்தக்குழாயில் கல், அதனால் அழற்சி என்றார்கள். வாய்வழியாகவே குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள், இப்போது நலம். பையே இல்லாதபோது கல் எங்கிருந்து வந்தது? கீழாநெல்லி கொடுத்தது தப்பா?
– வாசகி, மன்னார்குடி

பை போனாலும் குழாய் அங்கேயேதான் இருக்கிறது. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல், சிலருக்கு ஒரு லிட்டர் வரைகூட. பித்தப்பை அதில் கொஞ்சத்தைப் பிடித்து, சுண்டவைத்து, நாம் சாப்பிடும்போது பீய்ச்சிவிடும் ஒரு சின்னத் தொட்டி, அவ்வளவுதான். கல்லீரலிலிருந்து சிறுகுடலுக்குப் போகும் பெரிய பித்தக்குழாய் ஆறு மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது, அதில் ஒரு கடலைப் பருப்பு அளவுக் கல் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடத்துக்குள் கல் தெரிந்தால் அது அப்போதே பையிலிருந்து நழுவி வந்து தங்கிவிட்டது என்றும், அதற்கு அப்புறம் என்றால் குழாயிலேயே புதிதாக உருவானது என்றும் பொதுவாக எடுத்துக்கொள்வோம். உங்கள் அம்மாவுக்கு இரண்டாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடைத்தால் மட்டும் அழற்சி வந்துவிடாது. தேங்கிய பித்தநீரில் குடலில் வாழும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா மாதிரிக் கிருமிகள் ஏறிப் பெருகுகின்றன, வெளியேற வழி இல்லாததால் குழாய்க்குள் அழுத்தம் கூடிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் அந்தக் கிருமிகள் கல்லீரல் வழியாக ரத்தத்துக்குள் தள்ளப்படுகின்றன. கட்டில் ஆடிய நடுக்கம் அந்த நேரத்தில் வந்ததுதான். காய்ச்சலோடு நடுக்கம், வலது விலாவுக்குக் கீழே வலி, மஞ்சள் காமாலை, இந்த மூன்றையும் சேர்த்துப் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஷார்க்கோ 1877லேயே எழுதிவைத்தார். கல் தவிர, குழாய் சுருங்கிப்போவது, கணையத்தின் தலைப்பகுதியிலோ குழாயிலோ வரும் கட்டி, பித்தம் வடிவதற்காகக் குழாய்க்குள் முன்பு வைத்த ஸ்டென்ட் என்ற சின்னக் குழல் அடைத்துக்கொள்வது, எப்போதாவது குடலிலிருந்து ஏறி வரும் உருண்டைப் புழு, இவையும் காரணமாகலாம்.

கீழாநெல்லி விஷயம். நம் ஊரில் காமாலை என்றாலே ஒரே நோய் என்று நினைத்துவிடுகிறோம். தண்ணீர் மூலம் பரவும் வைரஸ் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும், அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அதற்குத்தான் நல்ல பெயர். குழாயில் கல் மாட்டியிருந்தால் எந்த இலையும் அதை நகர்த்தாது. நீங்கள் கொடுத்ததை விட, அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாட்கள்தான் எனக்குக் கவலை. காமாலையோடு நடுக்கக் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, விடியட்டும் என்றுகூடக் காத்திருக்க வேண்டாம்.

வயிற்று வலியே இல்லாமல் இந்த அழற்சி வருமா? அறிகுறிகளை வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், தாராபுரம்

வரும். வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி மங்கலாகவோ, இல்லாமலோ போகலாம். ஒரு பெரியவரை 'காலையிலிருந்து உளறுகிறார், சுகர் இறங்கிவிட்டது போல' என்று அழைத்து வந்தார்கள், வழியெல்லாம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். சுகர் சரியாகத்தான் இருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் மஞ்சள், ரத்த அழுத்தம் 80க்குக் கீழே. ஷார்க்கோ சொன்ன மூன்றோடு மனக்குழப்பமும் ரத்த அழுத்தச் சரிவும் சேர்ந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, குழாயின் அடைப்பை உடனே திறந்தாக வேண்டும். அவர் பிழைத்தார், ஆனால் ஐ.சி.யூ.வில் ஒன்பது நாள் இருந்து.

கண்ணைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட்டில் ஏமாந்துபோவீர்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். மலம் களிமண் போல வெளிறிப் போகும், ஏனென்றால் அதற்கு நிறம் கொடுப்பதே பித்தம்தான். இதைக் கேட்டால் பலர் கூச்சப்பட்டு 'பார்க்கவில்லை டாக்டர்' என்பார்கள். பாருங்கள், பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். காலையில் மஞ்சளாக வாந்தி எடுத்துவிட்டு 'பித்தம் ஏறிடுச்சு' என்கிறோமே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வயது 47. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஒரு வருடமாக உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு, ராத்திரியில் தூங்க முடிவதில்லை. தோல் டாக்டர் தந்த களிம்பு எதுவும் கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற கல்லீரல் நொதி மட்டும் அதிகம். இதுவும் பித்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, மதுரை

இருக்கலாம், ஆனால் இது வேறு வகை. இதில் கல்லும் கிடையாது, கிருமியும் கிடையாது. உடலின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலுக்குள் இருக்கும் நுண்ணிய பித்தக்குழாய்களை மெல்ல மெல்ல அரிக்கும், அதிகமும் நடுவயதுப் பெண்களுக்கு. ஏ.எம்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு, கல்லீரல் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். உறுதியானால் உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரையை நாள்பட எடுக்க வேண்டியிருக்கும், சீக்கிரம் ஆரம்பித்தால் நன்றாகவே கேட்கும். அரிப்புக்குத் தனி மருந்து தருவார்கள். களிம்பை நிறுத்திவிடலாம்.

எனக்கு வாய்வழியாகக் குழாய் விடும் ஈ.ஆர்.சி.பி. செய்து பித்தக்குழாய்க் கல்லை எடுத்து, பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். ஐந்து மாதம் ஆகிறது, எந்தத் தொந்தரவும் இல்லை. திரும்பவும் போக வேண்டுமா?
– வாசகர், ஆம்பூர்

போக வேண்டும், இந்த வாரமே. பிளாஸ்டிக் ஸ்டென்ட் நிரந்தரமாக வைப்பது அல்ல, சுமார் மூன்று மாதத்தில் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். அதற்கு மேல் விட்டால் உள்ளே சகதி மாதிரி படிந்து அடைத்துக்கொள்ளும், எதற்காக வைத்தார்களோ அந்த அழற்சியே திரும்ப வரும். டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி போட்டுத்தான் கொடுத்திருப்பார்கள், வீட்டுக்கு வந்ததும் ஃபைலை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறோம். எடுப்பதற்குப் பெரும்பாலும் சில நிமிட எண்டோஸ்கோப்பிதான், கத்தி கிடையாது. எட்டு மணி நேரமாவது வெறும் வயிற்றோடு போங்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் போவதற்கு முன்பே போன் செய்து சொல்லிவிடுங்கள். அதற்குள் நடுக்கக் காய்ச்சல் வந்தால் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பார்க்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்கு, அந்தச் சீட்டையும் எடுத்துக்கொண்டு.