‘டெம்டெம்’ வீடியோ கேம்: அதன் கிரைண்ட் (திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்து முன்னேறுவது) பற்றிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இது போக்கிமானின் நகல்தானே அண்ணா?

பதில்: வெளித்தோற்றத்தில் அப்படித்தான். ஸ்பெயினின் கிரேமா நிறுவனம் 2020 ஜனவரியில் ஏர்லி ஆக்சஸாக (முழுதாக முடிவதற்கு முன்பே ஆடக் கொடுப்பது) விட்டு, 2022 செப்டம்பரில் முழுமையாக வெளியிட்ட ஆட்டம் இது. சண்டைக்குள் போனால் வித்தியாசம் தெரியும். பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டு. அடி தவறுவது என்பதே கிடையாது. ஒவ்வொரு அடிக்கும் ஸ்டாமினா செலவாகும்; இருப்பதை மீறி அடித்தால் அந்தப் பற்றாக்குறை உயிரில் கழியும், அடுத்த முறை அந்த டெம்டெம் (நாம் பிடித்து வளர்க்கும் உயிரினத்துக்கும் அதே பெயர்தான்) சும்மா நிற்கும். அதனால் தோற்றால் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது. இவ்வளவு நல்ல சண்டை முறை இந்த வகை ஆட்டங்களில் அபூர்வம்.

கேள்வி: கதையை முடிக்கவே லெவல் ஏற்றிக்கொண்டு கிடக்க வேண்டுமா?

பதில்: வழியில் நிற்கும் டேமர்களை (டெம்டெம் வைத்துச் சண்டையிடும் பாத்திரங்களை) விடாமல் எதிர்த்துப் போங்கள், பெரும்பாலும் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பரிணாமம் அடைவது பிடித்த பிறகு ஏறிய லெவல்களின் கணக்கில்தான். லெவல் அதிகமுள்ள ஒன்றைப் பிடித்தாலும் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்தே தொடங்கும். வேண்டியதைச் சீக்கிரமே பிடித்து அணியில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: கதை முடிந்தது. மற்ற ஆட்டக்காரர்களோடு மோதும் போட்டிக்காக பிரீடிங் (டெம்டெம்களை இணை சேர்த்துக் குட்டி எடுப்பது) ஆரம்பித்தேன், வெறுத்துவிட்டது. எல்லோருக்கும் இப்படித்தானா?

பதில்: நிறைய பேர் ஆட்டத்தை விட்டது இந்த இடத்தில்தான். ஏழு ஸ்டாட்களுக்கும் (உயிர், வேகம், தாக்குதல் போன்ற திறன் அளவுகள்) 1 முதல் 50 வரை பிறவி மதிப்பு உண்டு. அவற்றை உயர்த்த இணை சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முட்டைக்கும் பெற்றோர் இரண்டுக்குமே கருவளம் ஒன்று குறையும். பூஜ்யமானால் அதோடு சரி. நல்ல ஜோடி தேடி மறுபடி காட்டுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ஆட்டத்தின் பணமான பான்சன் கொடுத்துப் பிறரிடம் வாங்க வேண்டும். அது முடிந்ததும் பயிற்சி மதிப்பு: ஒரு ஸ்டாட்டுக்கு 500, மொத்தம் 1000 வரை, காட்டு டெம்டெம்களை வீழ்த்தியோ பிடித்தோ சேர்க்க வேண்டும். இதைச் செய்து ஒரு அணியை முடிப்பதற்குள் போட்டி ஆசையே வற்றிவிடுகிறது.

கருவளக் கட்டுப்பாடு சந்தையைக் காப்பாற்றுகிறது என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனாலும் சண்டைதான் இந்த ஆட்டத்தின் உயிர்; அதற்கு முன்னால் இவ்வளவு உயரமாகச் சுவர் எழுப்பியது தப்பு என்பதே என் உறுதியான எண்ணம். பிரீடிங் இல்லாமல் அணி அமைத்து மோத ‘டெம்டெம்: ஷோடவுன்’ என்ற தனி ஆட்டம் இருக்கிறது. நேராக அங்கே போங்கள்.

கேள்வி: லூமா (வேறு நிறத்தில் அபூர்வமாக வரும் டெம்டெம்) வேட்டை?

பதில்: அதுவே பொழுதுபோக்காக இருப்பவர்களுக்கு மட்டும். வேறு வேலை செய்துகொண்டே பொறுமையாகத் தேடுபவர்கள் அதை ரசிக்கிறார்கள். ‘எப்போது கிடைக்கும்’ என்று மணி பார்ப்பவர் என்றால் வேண்டாம்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தில் மேலும் காசு கேட்கிறார்களாமே?

பதில்: கேட்டார்கள். சீசன் பாஸ், அலங்காரப் பொருள்கள் எல்லாம் தனிக் காசு. கோபப்பட்டவர்கள் பக்கம்தான் நியாயம். 2024இல் வந்த 1.8 அப்டேட்டில் அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: இப்போது தொடங்கினால் ஆள் இருப்பார்களா சார்?

பதில்: பழைய கூட்டம் இல்லை, பெரிய அப்டேட்டும் எதிர்பார்க்காதீர்கள். தனியாக ஆடினாலும் இணைய இணைப்பு இருந்தே ஆக வேண்டும், அதையும் யோசித்து வாங்குங்கள். கூட ஆட ஒரு நண்பர் இருந்தால் தயங்கவே வேண்டாம்: முழுக் கதையையும் இருவராக, ஆளுக்கு ஒரு டெம்டெம்மை இறக்கி ஆடலாம்.