டோக்கியோவில் பழைய சினிமா போஸ்டர் வாங்குவது எப்படி?

கேள்வி: அலுவலக வேலையாக டோக்கியோ போகிறேன். எனக்கென்று ஒரு சனிக்கிழமை மட்டும் கிடைக்கும். இண்டியானா ஜோன்ஸ் படங்களின் ஜப்பானிய போஸ்டர், பழைய பொருட்களைத் தேட ஆசை. எங்கே போகலாம்? போலியை வாங்கி ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?

பதில்: சனிக்கிழமையாக அமைந்தது நல்லதாயிற்று. ஜின்போச்சோ பழைய புத்தகக் கடை வீதியில் ஞாயிறன்று பல கடைகள் திறப்பதில்லை. ஷின்ஜுகுவிலிருந்து தோயெய் ஷின்ஜுகு பாதையில் ரயில் மாறாமல் போகலாம். அங்கே யாகுச்சி ஷோட்டென் சினிமா, நாடகப் புத்தகங்களுக்குப் பேர்போன கடை. கட்டடத்தின் பக்கச் சுவரையொட்டி வெளியிலேயே அலமாரிகள் இருப்பதால் எளிதில் அடையாளம் தெரியும். பிற்பகலில் நகானோ பிராட்வே வணிக வளாகத்துக்குப் போங்கள். அங்குள்ள மந்தராகே என்ற பழைய பொருள் கடைகள் பெரும்பாலும் நண்பகலுக்குத்தான் திறக்கும். ஆனால் அங்கே மாங்கா எனும் ஜப்பானியச் சித்திரக்கதைகளும் பொம்மைகளும்தான் ராஜ்யம். ஹாலிவுட் மட்டும் போதும் என்றால் ஜின்போச்சோவிலேயே கூடுதல் நேரம் செலவிடுங்கள்.

போஸ்டரைக் கேட்கிறீர்கள், நான் முதலில் கைவைக்கச் சொல்வது பாம்ஃப்லெட்டில். நம் ஊர்த் தியேட்டர்களில் பாட்டுப் புத்தகம் விற்றதுபோல, ஜப்பானியத் திரையரங்குகளில் ஒவ்வொரு படத்துக்கும் படங்களும் கட்டுரைகளுமாக இது விற்கப்படும். பிரபலமான படங்களுக்கு நிறைய அச்சடித்ததால் பழையது கூடச் சில நூறு யென்னுக்குக் கிடைக்கும். இலங்கையின் கண்டிப் பகுதியிலும் படமாக்கப்பட்ட இரண்டாம் பாகத்தின் பாம்ஃப்லெட் கண்ணில் பட்டால் விடாதீர்கள். சிராஷி எனப்படும் பி5 அளவு விளம்பரத் தாள்களும் மலிவுதான். புதுப் படங்களுடையதைத் திரையரங்குகளில் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அசலா என்று பார்க்க, பாம்ஃப்லெட்டின் கடைசிப் பக்கங்களில் வெளியீட்டுத் தேதியைத் தேடுங்கள். ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக்காலத்தை வைத்து எண்ணும் ஷோவா ஆண்டாக இருந்தால் 1925ஐக் கூட்டுங்கள். முதல் படம் அங்கே 1981 டிசம்பரில் வந்தது; அதாவது ஷோவா 56. பிந்தைய ஆண்டு இருந்தால் மறுவெளியீட்டுப் பதிப்பாக இருக்கலாம். போலியல்ல, ஆனால் முதல் பதிப்பு விலை கொடுக்காதீர்கள்.

போஸ்டருக்கு அளவு நாடா எடுத்துச் செல்லுங்கள். வழக்கமான பி2 அளவு 51.5 × 72.8 செ.மீ. ஏ3, ஏ2 அளவில் இருந்தால் பெரும்பாலும் பிற்கால அச்சு. உறையில் ஒட்டிய சீட்டில் மடிப்பு, கிழிசல், ஊசித் துளை என்று குறைகளை எழுதியிருப்பார்கள். கைபேசிக் கேமராவில் மொழிபெயர்த்துப் படியுங்கள். மூலைகளில் ஊசித் துளை இருந்தால் விலை குறையும். சட்டம் போட்டு மாட்டப்போகிறவருக்கு அது லாபம்தான். உறையைப் பிரிக்கும் முன் கேளுங்கள், பேரம் பேசாதீர்கள். பி2வைச் சுருட்டினால் குழாய் அரை மீட்டருக்குச் சற்று மேல் வரும், கையில் கொண்டுபோகலாம். அதைவிடப் பெரிய பி1 வாங்கினால் விமான நிலையத்தில் திண்டாட்டம்தான்.

சிறு கடைகளில் ரொக்கம் மட்டுமே வாங்குவதும் உண்டு. வரிவிலக்கு அறிவிப்புள்ள கடையில் ஒரே நாளில் 5,000 யென்னுக்குக் குறையாமல் வாங்கினால், அசல் பாஸ்போர்ட்டைக் காட்டி 10 சதவீத நுகர்வு வரியைத் தவிர்க்கலாம். 2026 நவம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்குகிறீர்கள் என்றால், வரியோடு பணம் கட்டிவிட்டு, கிளம்பும்போது விமான நிலையத்தில் சுங்கச் சரிபார்ப்பை முடித்துத் திரும்பப் பெற வேண்டும். வாங்கிய பொருளைப் பெட்டிக்குள் அடியில் வைத்துவிடாதீர்கள், அங்கே காட்டச் சொல்லலாம்.