பைபிளுக்கு வெளியே இயேசுவுக்கு ஆதாரம் உண்டா?

கேள்வி: இன்ஜினியரிங் படிக்கும் என் மகன், "இயேசு வாழ்ந்தார்னு பைபிளுக்கு வெளியே என்னம்மா ஆதாரம்?" என்கிறான். செங்கடலில் பார்வோனின் தேர்ச்சக்கரம் கிடைத்ததாக வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் காட்டினேன், சிரித்துவிட்டான். அவனுக்கு என்ன சொல்லட்டும்?

பதில்: முதல் வேலையாக அந்தப் படத்தை அழித்துவிடுங்கள், சகோதரி. முறையான தொல்லியல் ஆய்வு எதுவும் அதை உறுதி செய்யவில்லை.

ஆனால் மகன் கேட்டதற்குப் பதில் உண்டு. கி.பி. 116 வாக்கில் எழுதிய ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், ரோமப் பேரரசர் திபேரியுவின் காலத்தில் பொந்தியு பிலாத்து கிறிஸ்துவுக்கு மரண தண்டனை கொடுத்ததைச் சொல்கிறார். கிறிஸ்தவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அப்படிப்பட்டவர் திட்டிக்கொண்டே சொல்வதால்தான் அந்தச் சாட்சிக்கு மதிப்பு.

யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ் கி.பி. 93 வாக்கில் இரண்டு இடத்தில் இயேசுவைக் குறிப்பிடுகிறார். "அவரே கிறிஸ்து" என்று வரும் நீண்ட பத்தியில் பிற்காலக் கிறிஸ்தவர்களின் கை பட்டிருக்கிறது. அதை அப்படியே நீட்டினால் பையன் இணையத்தில் தேடி உங்களை மடக்கிவிடுவான். இன்னொன்று, கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு கொல்லப்பட்ட செய்தி. போகிற போக்கில் வரும் இந்தச் சின்னக் குறிப்பைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள்.

பிலாத்துவுக்குக் கல்லே சாட்சி. 1961இல் செசரியாவின் பழைய அரங்கைத் தோண்டிய இத்தாலிய ஆய்வாளர்களுக்கு, பின்னாளில் படிக்கட்டுக்கு எடுத்துப் போட்டிருந்த சுண்ணாம்புக்கல் ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் சிதைந்திருந்தாலும் பிலாத்துவின் பெயரும், யூதேயாவின் 'பிரிஃபெக்ட்' (ரோம ஆளுநர்) என்ற பதவியும் அதில் தெரிகின்றன. டாசிட்டஸ் அவரை 'புரொகியுரேட்டர்' என்றது அதே ஆளுநர் பதவிக்குப் பிற்காலத்தில் வந்த பெயர். இந்தக் கல் இயேசுவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும்விடப் பலமான சான்று பைபிளுக்கு உள்ளேதான் இருக்கிறது: பவுலின் கடிதங்கள். பைபிளில் இருக்கிறது என்பதற்காக எந்த வரலாற்றாசிரியரும் அவற்றைத் தூக்கி எறிவதில்லை. கலாத்தியர் முதல் அதிகாரத்தில், எருசலேமில் பேதுருவோடு 15 நாள் தங்கியதையும் கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபைப் பார்த்ததையும் பவுல் தானே எழுதுகிறார். ஜோசஃபஸ் சொல்லும் அதே யாக்கோபு! பவுலும் ஜோசஃபஸும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவர்கள் அல்லர். அப்புறம் 1 கொரிந்தியர் 15. கி.பி. 55 வாக்கில் எழுதிய அதில், கிறிஸ்து மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, எழுந்து, பலருக்குத் தரிசனமானார் என்பதைத் தான் பிறரிடம் பெற்ற செய்தியாகப் பவுல் சொல்கிறார். அப்படியானால் அந்தச் செய்தி கடிதத்துக்கும் முந்தியது.

சிலுவை மரணமும், உயிர்த்தவரைக் கண்டதாகச் சீஷர்கள் உறுதியாக நம்பியதும் விசுவாசம் இல்லாத அறிஞர்களும் பெரும்பாலும் ஒப்புக்கொள்பவை. அவர் உண்மையிலேயே உயிர்த்தாரா என்பதை ஆவணத்தால் மட்டும் முடித்துவைக்க முடியாது. ஆதாரம் கொண்டுவிடும் இடம் ஒன்று, விசுவாசம் எடுத்துவைக்கும் அடி வேறு. இதை மகனிடம் மறைக்க வேண்டாம்.

சிரேனியுவின் குடிமதிப்பைப் பற்றியும் அவன் கேட்கக்கூடும். ஏரோது ராஜாவின் காலத்தில் தொடங்கும் லூக்கா, சீரியாவின் ஆளுநர் சிரேனியு மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது இயேசு பிறந்ததாகச் சொல்கிறார். ஏரோது இறந்தது கி.மு. 4 என்பதே பொதுவான கணக்கு. ஜோசஃபஸ் சொல்லும் குடிமதிப்போ கி.பி. 6. லூக்காவின் காலக்கணக்கு இங்கே இடிக்கிறது. விளக்கங்கள் பல உண்டு, எல்லாரும் ஏற்றது ஒன்றும் இல்லை. "ஆமாம், அது சிக்கல்தான்" என்று சொல்லிவிட்டு, கலாத்தியர் முதல் அதிகாரத்தை அவனோடு உட்கார்ந்து படியுங்கள்.