ஏழாவது கையெழுத்து

கேள்வி: நான் சிவில் இன்ஜினீயர், வயது 46. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் பிளான் போட்டு, வீடு கட்டிக் கொடுக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு கட்டடப் பொறியாளர் சங்கம் தொடங்கி, பிறகு அதை மாநில அமைப்பு ஒன்றின் கிளையாகச் சேர்க்க ஆசை. ஊரில் இருக்கும் சீனியர்கள் "உனக்கெதுக்கு இந்த வேலை?" என்கிறார்கள். மனைவியோ, "வீட்டைக் கவனிக்க நேரமில்லை, சங்கம் ஒண்ணுதான் குறைச்சலா?" என்கிறாள். பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும், ஆறு பேர் சேர்ந்துவிட்டோம். ஏழாவதாக என் தம்பி பெயரைப் போட்டேன். அவனும் பி.இ. சிவில்தான். பாகப்பிரிவினைக்குப் பிறகு மூன்று வருடமாகப் பேச்சில்லை என்பதால் கையெழுத்தையும் நானே போட்டுவிட்டேன். அதை விடுங்கள். என் ஆபீசில் டிராயிங் போடும் பெண் (அவளும் பி.இ.) பைலா (சங்க விதிகள்) டைப் செய்து கொடுத்துவிட்டாள். பெயர்ப்பலகைக்கும் ஆர்டர் கொடுத்தாயிற்று. இப்படி எல்லாரும் காலை வாரினால் நான் எப்படித் தொடர்வது? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: எதை விடச் சொல்கிறீர்கள்?

நீங்கள் எழுதியது நாலு பக்கம். சீனியர்களைப் பற்றிய புலம்பல் இரண்டு பக்கம், மனைவியைப் பற்றி ஒரு பக்கம், பலகையில் உங்கள் பெயருக்குக் கீழே "நிறுவனத் தலைவர்" என்று எந்த நிறத்தில் வரவேண்டும் என்பதற்கு அரைப் பக்கம். கூடப் பிறந்தவனுக்கு மூன்று வரி. அதன் கடைசியில் "அதை விடுங்கள்". நான் விடுவதாக இல்லை.

மூன்று வருடமாக முகம் பார்க்காத தம்பியின் பெயரை மட்டும் உங்களுக்கு வேண்டியிருக்கிறது. ஆள் வேண்டாம், பெயர் போதும். நீங்கள் செய்ததற்குச் சட்டத்தில் பொய்யாவணம் என்று பெயர். நாளைக்கே தம்பி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் "இது என் கையெழுத்து இல்லை" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் சங்கமும் போகும், கூடக் கையெழுத்துப் போட்ட ஐந்து பேர் மானமும் போகும். அவர்களிடமாவது சொன்னீர்களா?

தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம் 1975-இல் வந்தது. அது கேட்கும் ஏழு பேர், சேர வேண்டும் என்று தாங்களே நினைத்துச் சேரும் ஏழு பேர். பதிவோடு வேலை முடிவதும் இல்லை. வருடா வருடம் பொதுக்குழு கூட்ட வேண்டும், தணிக்கை செய்த கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும். முதல் தாளிலேயே பொய்க் கையெழுத்துப் போட்டவர் மூன்றாம் வருடம் கணக்கு நோட்டில் என்ன எழுதுவார் என்று ஊர் யோசிக்காதா? சீனியர்கள் தயங்குவதற்கு அவர்களுக்குக் காரணம் தெரியாமலே ஒரு காரணம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

அதுவும் உங்கள் தொழிலில் இருந்துகொண்டு! ஸ்லாப் போட்ட அன்று சோதனைக்காக வார்த்தெடுத்த காங்கிரீட் கட்டியை, அதாவது கியூபை, 28 நாள் தண்ணீரில் வைத்து உடைத்துப் பார்த்த பிறகுதான் காங்கிரீட்டை நம்புகிறவர்கள் நீங்கள். உங்கள் கையெழுத்தை நம்பித்தான் ஒருவன் நகையை அடகு வைத்துக் கடைக்கால் தோண்டுகிறான். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, உரிமையாளரின் சுயசான்றே போதும் என்று அரசு ஆக்கிவிட்டது. ஊர்க்காரர் இனி உங்களிடம்தான் வந்து "எங்கே சார் கையெழுத்துப் போடணும்?" என்று கேட்பார். அவருக்கு வழி சொல்ல ஒரு சங்கம் அவசியம்தான், அதை மறுக்கவில்லை. பிளானைப் பார்க்காமலே காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர்களை நாலு பேர் கூடித் தட்டிக் கேட்கவும் அது வேண்டும். ஆனால் அதைக் கேட்க உங்களுக்கு வாய் வருமா?

என் அப்பா பொதுப்பணித்துறையில் ஓவர்சீயராக இருந்தவர். அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை சைட்டுக்குப் போய் டேப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வருவார், இரவானாலும் சரி. இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனைவி சொல்வது சரி. அவ்வளவுதான்.

பலகை விஷயம்: இந்தியப் பொறியாளர் நிறுவனம் 1920-இல் சென்னையில் பதிவாகி, அரச சாசனம் பெற்றது 1935-இல். அத்தனை பெரிய அமைப்புக்கே பதினைந்து வருடம் பிடித்தது. நீங்கள் பதிவுக்கு முன்பே நிறுவனத் தலைவர். ஆர்டரை நிறுத்துங்கள். தலைவர் யார் என்பதைக் கூடியிருக்கிறவர்கள் சொல்லட்டும்.

இன்னொன்று. ஏழாவது ஆள் கிடைக்கவில்லை என்கிறீர்கள். பைலாவை டைப் செய்த பெண் பி.இ. என்று அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதியதும் நீங்கள்தானே? பைலாவில் உறுப்பினர் தகுதி என்ன என்று அடித்ததே அந்தப் பெண்தான். அந்தத் தகுதி தனக்கு இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கும், உங்களுக்குத்தான் தோன்றவில்லை. கேளுங்கள். "வேண்டாம் சார்" என்றால் அதைச் சம்பளத்தில் காட்டாதீர்கள்.

அவள் சேர்ந்தால் கணக்குத் தீர்ந்துவிடும், தம்பி தேவையில்லை என்று உடனே ஒரு நிம்மதி வருகிறதா? அதற்குத்தான் பயந்தேன். முதலில் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். பதிவாளரிடம் கொடுத்துவிட்டிருந்தால் திரும்ப வாங்குங்கள், மற்ற ஐந்து பேரிடமும் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறம் தம்பி வீட்டுக்குப் போங்கள். போன் வேண்டாம், மாமாவைத் தூது விடவும் வேண்டாம். அவன் பெயரை எழுதி அவன் கையெழுத்தைப் போட்டதை நீங்களே வாயால் சொல்ல வேண்டும். திட்டுவான், வாங்கிக்கொள்ளுங்கள். பாகத்தில் யாருக்கு எவ்வளவு போனது என்று எனக்குத் தெரியாது, நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலிருந்தே ஓரளவு ஊகிக்கிறேன். அண்ணன் என்று பிறந்துவிட்டால் முதலில் படியேறுவது உங்கள் வேலை. நியாயம் யார் பக்கம் இருந்தாலும்.

ஒரே தொழிலில் ஒருவர் கூலியை ஒருவர் குறைத்துப் பேசி வேலை பிடிக்கிற ஆட்களை ஒரு ஹாலில் உட்கார வைக்கப் போகிறவர் நீங்கள். ஒரு தம்பியின் எதிரில் உட்கார்ந்து பழகிவிட்டு அதற்குப் போகலாம்.

முதல் தடவை போகும்போது படிவத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சட்டைப் பையில் பேனாவும் வேண்டாம்.